மழைக்கால மேகங்களுக்கு இடையே விண்மீன்களைப் படம்பிடித்தல்

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபர் நடுப்பகுதியிலிருந்து டிசம்பர் முடியும் வரை, தமிழ்நாட்டில் இரவு வானத்தைப் படம்பிடிக்கும் ஆர்வலர்கள் பலர் கேமராவைப் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் பொங்கலுக்காகக் காத்திருக்கிறார்கள். ஆனால் கார்த்திகை எனும் அறுமீன் கூட்டமும், செந்நிற ரோகிணியும், திருவாதிரையைத் தோளில் தாங்கிய ஓரியன் விண்மீன் குழுவும் முன்னிரவிலேயே கிழக்கில் எழத் தொடங்குவது இந்த மாதங்களில்தான். ஆண்டின் மிகச் செழிப்பான எரிகல் பொழிவுகளில் ஒன்றான ஜெமினிட் பொழிவு உச்சம் கொள்வதும் டிசம்பர் 13, 14 இரவுகளில்தான். கோடை முழுவதும் காற்றில் மிதந்த தூசியையும் புகையையும் மழை கழுவிவிடுவதால், மேகம் விலகும் சிறிது நேரத்தில் கிடைக்கும் வானம் மார்ச் மாத வானத்தைவிடத் தெளிவாக இருப்பதும் உண்டு. இந்தப் பருவத்தில் மேகமற்ற முழு இரவைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். இருபது நிமிடமோ ஒரு மணி நேரமோ நீடிக்கும் இடைவெளிகளைத் தேடி, அவை வரும்போது ஆயத்தமாக நிற்பதே வழி.

இடைவெளி எப்போது வரும் என்பதைப் பெரும்பாலும் மழையின் தன்மையே சொல்லிவிடும். அக்டோபர் தொடக்கத்தில், பருவமழை கால் பதிக்கும் முன்னர், பகல் வெப்பத்தால் மாலையில் எழும் இடிமழையே அதிகம். அது எட்டு, ஒன்பது மணிக்கு ஓய்ந்தாலும் இடிமேகத்தின் உச்சியிலிருந்து பரவிய மெல்லிய பனிப்படிக மேகம் சில மணி நேரம் வானத்தை மறைத்துக்கொண்டிருக்கும் என்பதால், நள்ளிரவுக்குப் பிறகே வானம் வெளிவாங்கும். பருவமழை நிலைகொண்ட பின்னர் கடலோர மாவட்டங்களில் நிலைமை தலைகீழாகிறது: வங்கக் கடலிலிருந்து உள்ளே வரும் மேகக் கூட்டங்கள் பின்னிரவிலும் விடியற்காலையிலும் அடர்வது வழக்கமாதலால், அங்கே இருட்டியதும் கிடைக்கும் முதல் இரண்டு, மூன்று மணி நேரத்தை நம்புவது நல்லது. இவை இரண்டையும்விட மேலான வாய்ப்பு ஒன்று உண்டு. ஒரு புயலோ தாழ்வு மண்டலமோ வடக்கே ஆந்திரம், ஒடிசா பக்கம் விலகிச் செல்லும்போது, அதன் பின்னே நிலப்பகுதியின் வறண்ட காற்று வடமேற்கிலிருந்து நம் பக்கம் இழுக்கப்படும். அப்போது அடுத்தடுத்துச் சில இரவுகள் வானம் துடைத்துவிட்டதுபோல் இருக்கும். புயல் செய்தி வந்தவுடனே அது கடந்த பின் வரும் நாள்களைக் குறித்துவைத்துக்கொள்ளும் பழக்கம் பெரும் பலன் தரும்.

முன்னறிவிப்புச் செயலிகள் காட்டும் ஒற்றை மேக விழுக்காட்டை மட்டும் நம்பிப் புறப்படக் கூடாது. விண்டி போன்ற செயலிகளில் தாழ்மேகம், இடைமேகம், உயர்மேகம் ஆகியவற்றைத் தனித்தனியாகப் பார்க்கும் வசதி உள்ளது. தாழ்மேகம் 80 விழுக்காடு என்றால் அன்றைய இரவு ஏறக்குறைய கைவிடத்தக்கது. உயர்மேகம் மட்டும் 80 விழுக்காடு என்றால், கீழே விளக்கவிருக்கும் வகையில் அது நல்ல படத்துக்கான இரவாகக்கூட அமையலாம். மாலை ஆறு மணிக்குப் பிறகு முன்னறிவிப்பைவிடச் செயற்கைக்கோள் படமே துணை. இன்சாட்-3டிஆர், இன்சாட்-3டிஎஸ் ஆகியவை எடுக்கும் அகச்சிவப்புப் படங்களை இந்திய வானிலை ஆய்வுத் துறையின் தளத்தில் இரவு முழுவதும் பார்க்கலாம். அகச்சிவப்புப் படம் வெப்பநிலையைக் காட்டுவது. உயரத்திலுள்ள குளிர்ந்த மேகம் பளிச்சென வெண்மையாகத் தெரியும். தாழ்மேகத்தின் வெப்பநிலை தரையின் வெப்பநிலைக்கு நெருங்கியதாக இருப்பதால் அது சாம்பல் நிறத்தில் தரையோடு கலந்து கண்ணுக்குத் தப்பிவிடும். படத்தில் தெளிவாகத் தோன்றும் வானம் மாடிக்குப் போனால் மூடியிருப்பதற்குக் காரணம் இதுதான். சென்னை, காரைக்கால் டாப்ளர் ரேடார்கள் மழையைக் காட்டுமே தவிர மழையில்லாத மேகத்தைக் காட்டா. ஆகவே இரண்டையும் சேர்த்துப் பார்த்து, அடுத்தடுத்த படங்களில் மேகத்தின் விளிம்பு ஒரு மணி நேரத்தில் எத்தனை கிலோமீட்டர் நகர்ந்திருக்கிறது என்று கணக்கிட்டால், இடைவெளி நம் தலைக்கு மேல் எப்போது வரும் என்பதை ஓரளவு துல்லியமாகவே சொல்லிவிட முடியும்.

இடத்தைத் தேர்வதில், கோடையில் சரியாக இருந்த அறிவு மழைக்காலத்தில் தவறாகிவிடும். இருண்ட வானம் வேண்டி மலைக்குப் போவதே வழக்கம், 2.3 மீட்டர் தொலைநோக்கி கொண்ட வைணு பாப்பு வானாய்வகம் ஜவ்வாது மலையின் காவலூரில் அமைந்திருப்பதும் அத்தகைய வானத்துக்காகத்தான். ஆனால் நவம்பரில் ஏற்காடும் கொடைக்கானலும் பல இரவுகளில் மேகத்துக்கு உள்ளேயே இருக்கின்றன. நனைந்த மலைச்சாலையில் இரவில் வண்டி ஓட்டி, மேகத்துக்குள் போய் நிற்பதில் பொருளில்லை. அந்த மாதங்களில் கடற்கரையிலிருந்து நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர் உள்ளே தள்ளிய சமவெளி ஊர்களே மேல். அதுவும் இயலாதவர்க்கு மொட்டை மாடி போதும். இருபது நிமிட இடைவெளிக்காக இரண்டு மணி நேரம் பயணம் செய்பவரைவிட, முக்காலியை மாடிப்படி ஓரமாக நிறுத்தியே வைத்திருப்பவருக்குத்தான் அதிகப் படங்கள் கிடைக்கும். நகரத்தின் மேல் வரும் மேகம் தெருவிளக்கு ஒளியை வாங்கித் திருப்பியடிப்பதால் வானம் மேலும் வெளுத்துப்போகும் என்பதும், விளக்கில்லாத நாட்டுப்புறத்தில் அதே மேகம் விண்மீன்களின் நடுவே கரும்பட்டையாகத் தெரியும் என்பதும் நினைவிருக்கட்டும். மழை நின்ற பிறகும் மின்சாரம் வராமல் தெருவே இருண்டிருக்கும் இரவு வாய்த்தால், முதலில் செய்ய வேண்டியது மாடிக்கு ஓடுவதுதான்.

ஆயத்தமும் அடிப்படை அளவுகளும்

இடைவெளி திறந்த பின்னர் ஃபோகஸ் செய்யத் தொடங்கினால் அது மூடிக்கொள்ளும். லென்ஸில் முடிவிலியைக் குறிக்கும் கோடு பெரும்பாலான லென்ஸ்களில் உண்மையான முடிவிலியோடு பொருந்துவதில்லை. எனவே தெளிவான ஓர் இரவிலேயே, கேமராவின் திரையில் ஒரு பிரகாசமான விண்மீனைப் பத்து மடங்கு பெரிதாக்கி, அது மிகச் சிறிய புள்ளியாகச் சுருங்கும் நிலையைக் கண்டு, அங்கே ஃபோகஸ் வளையத்தை ஒட்டுநாடாவால் ஒட்டிவிடுவது நல்லது. விண்மீனே கிடைக்காத வாரமானால் ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள கைப்பேசிக் கோபுரத்தின் சிவப்பு விளக்கு அந்த வேலையைச் செய்யும். மின்கலம் முழுமையாக ஏற்றப்பட்டிருப்பது, படங்களைச் சுருக்கப்படாத மூல வடிவமான ராவில் சேமிக்கும்படி வைத்திருப்பது, படத்தின் நிறச்சாயலைத் தீர்மானிக்கும் வெண்சமநிலையை 3800 முதல் 4200 கெல்வினுக்குள் நிலைநிறுத்துவது ஆகியவை பகலிலேயே முடிந்திருக்க வேண்டிய வேலைகள்.

அளவுகளைப் பொறுத்தவரை, அகலக் கோண லென்ஸுடன், லென்ஸின் திறப்பான அபர்ச்சர் எஃப்/2.8, ஒளியுணர்திறனான ஐஎஸ்ஓ 1600 முதல் 3200 வரை என்று தொடங்கலாம். விண்மீன் கோடாக இழுபடாமலிருக்க, 500ஐக் குவியத் தூரத்தால் (லென்ஸில் மி.மீ.யில் குறித்திருக்கும் எண்) வகுத்துக் கிடைக்கும் நொடிகளைத் தாண்டக் கூடாது என்பது பழைய கணக்கு. பெரிய சென்சார் கொண்ட முழுச்சட்டகக் கேமராவில் 24 மி.மீ. லென்ஸுக்கு அது சுமார் 20 நொடி வரும். சிறிய ஏபிஎஸ்-சி சென்சாரானால் குவியத் தூரத்தை முதலில் 1.5ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும் என்பதால் 18 மி.மீ. லென்ஸுக்கு 18 நொடி கிடைக்கும். மழைக்காலத்தில் இதிலும் பாதியை எடுத்துக்கொள்வதே என் பரிந்துரை. எட்டு அல்லது பத்து நொடிப் படங்களைத் தொடர்ச்சியாக எடுத்துக்கொண்டே போனால், மேகம் குறுக்கிட்டவற்றை நீக்கிவிட்டு மீதியை அடுக்கிச் சேர்க்கலாம். இருபது நொடிப் படத்தின் கடைசி மூன்று நொடியில் மேகம் நுழைந்தால் அந்த முழுப் படமும் போய்விடும். பதினாறு படங்களை அடுக்கினால், படத்தில் புள்ளிபுள்ளியாகத் தெரியும் இரைச்சல் ஒற்றைப் படத்தில் இருப்பதில் நான்கில் ஒரு பங்காகக் குறையும் என்பதால், ஒவ்வொரு படமும் சற்று மங்கலாக இருப்பதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. குறித்த இடைவெளியில் தானாகவே படமெடுக்க வைக்கும் இன்டர்வலோமீட்டர் இதற்கு மிகவும் உதவும். சீக்வேட்டர், சிரில், டீப்ஸ்கைஸ்டாக்கர் ஆகிய மூன்றும் கட்டணமின்றிக் கிடைக்கும் அடுக்கல் மென்பொருள்கள்.

மேகம் மூடிக்கொள்ளும் நேரமும் வீணல்ல. லென்ஸை மூடியால் மூடி, அதே ஐஎஸ்ஓவிலும் அதே நொடியிலும் பத்து, பதினைந்து இருட்டுப் படங்களை எடுத்துக்கொள்ளலாம். நம் ஊரில் மழைக்கால இரவும் 24, 25 பாகை செல்சியஸ் வெப்பத்தோடே இருப்பதால் சென்சாரில் தோன்றும் வெப்பப் புள்ளிகள் குளிர்நாட்டினர் படங்களில் காண்பதைவிட அதிகம். அவற்றைக் கழிக்க இந்த இருட்டுப் படங்கள் தேவை. விண்மீன்கள் மறைந்திருக்கும் நேரத்தில் எடுப்பதால் நல்ல வானத்தின் ஒரு நிமிடமும் செலவாவதில்லை.

மேகத்துக்கு ஏற்ற பொருள்

மேகத்தின் வகையைப் பார்த்த பிறகே எதைப் படம்பிடிப்பது என்று முடிவுசெய்ய வேண்டும். பலர் இதை மாற்றிச் செய்து, ஆண்ட்ரோமெடா விண்மீன்திரளை எடுக்கப் போகிறோம் என்று தீர்மானித்துவிட்டு வானத்தோடு மல்லுக்கட்டுகிறார்கள்.

மெல்லிய உயர்மேகம் படர்ந்த வானத்தைப் பலர் பயனற்றதெனத் தள்ளிவிடுவது எனக்கு வருத்தம் தருகிறது. அத்தகைய மேகம் மங்கலான விண்மீன்களை மறைத்து, பிரகாசமானவற்றின் ஒளியைச் சிறு வட்டமாகப் பரப்பும். தெளிந்த வானத்தில் எடுத்த படத்தில் விண்மீன்கள் எல்லாமே வெண்புள்ளிகளாகிவிட, ஓரியனின் வடிவமே அவற்றின் கூட்டத்தில் தொலைந்துபோவதுண்டு. மெல்லிய மேகத்தின் வழியாக எடுக்கும்போதோ திருவாதிரையின் செம்மஞ்சளும், அதற்கு எதிர்மூலையிலுள்ள ரைகலின் நீலவெண்மையும், ரோகிணியின் செம்மையும் தனித்தனியே ஒளிர்ந்து, விண்மீன் குழுவின் உருவம் கண்ணால் காண்பதற்கு நெருக்கமாக அமையும். இந்த விளைவுக்காகவே லென்ஸின் முன் மாட்டும் பரவல் வடிகட்டிகளை விலைகொடுத்து வாங்குவோர் உண்டு. இதற்கு 35 முதல் 50 மி.மீ. வரையிலான லென்ஸும், எட்டு நொடிக்கு மேற்படாத ஷட்டர் நேரமும் ஏற்றவை. நவம்பர் நடுவில் ஓரியன் இரவு எட்டு, எட்டரை மணி அளவில் கிழக்கே எழுகிறது. டிசம்பர் நடுவில் இருட்டும்போதே அடிவானத்துக்கு மேல் வந்துவிடுகிறது.

நிலவுள்ள இரவில் அதே உயர்மேகம் நிலவைச் சுற்றிப் பெரிய வட்டம் கட்டும். ‘அகல் வட்டம் பகல் மழை’ என்று நம் முன்னோர் சொன்னது இந்த வட்டத்தைப் பற்றியதே. மேகத்திலுள்ள அறுகோணப் பனிப்படிகங்கள் ஒளியை விலக்குவதால் நிலவிலிருந்து 22 பாகை தொலைவில் இது உருவாகிறது. கையை முழுவதும் நீட்டி விரல்களை விரித்தால் கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை ஏறத்தாழ அந்த அளவு இருக்கும். வட்டம் முழுவதும் 44 பாகை அகலம் கொண்டதாகையால், முழுச்சட்டகத்தில் 24 மி.மீ. அல்லது ஏபிஎஸ்-சியில் 16 மி.மீ. லென்ஸ் வேண்டும். ஐஎஸ்ஓ 800, எஃப்/4, நான்கு நொடி என்று தொடங்கிப் பார்த்து, பின்னர் கூட்டியோ குறைத்தோ கொள்ளலாம். நிலவு வெளுத்துப்போவது தவிர்க்க முடியாதது. வேண்டுமானால் ஒரு தென்னையின் கொண்டைக்குப் பின்னால் நிலவு வரும்படி நின்றால் அந்தக் கண்கூச்சம் மறைந்து வட்டம் எடுப்பாகத் தெரியும். இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாத ஒன்று, தாழ்வான மெல்லிய மேகம் நிலவைக் கடக்கும்போது அதை ஒட்டித் தோன்றும் சிறிய வண்ண வளையம். அது நீர்த்துளிகளால் உண்டாவது. சில பாகை அகலமே உடையது. அதற்கு 100 மி.மீ.க்கு மேற்பட்ட லென்ஸும், ஐஎஸ்ஓ 400, எஃப்/5.6, அரை நொடி என்ற தொடக்க அளவும் பொருந்தும்.

கார்த்திகை தீபத்தன்று முழுநிலவு அறுமீன் கூட்டத்துக்கு அருகிலும், மார்கழித் திருவாதிரை நாளில் ஓரியன் பக்கத்திலும் நிற்பதைப் படமாக்க விரும்புவோர், நிலவுக்கும் விண்மீன்களுக்கும் ஒரே அளவு பொருந்தாது என்பதை முன்கூட்டியே கருத வேண்டும். நிலவின் முகத்துக்கு ஐஎஸ்ஓ 100, எஃப்/8, நொடியில் 125இல் ஒரு பங்கு போதும்; அறுமீனுக்கு இரண்டு நொடியாவது வேண்டும். மெல்லிய மேகம் ஒன்று நிலவின் மேல் தவழும்போது இந்த வேறுபாடு சற்றே குறைவதால், அந்த இரவுகளில் சிறிது மேகம் இருப்பது நன்மையே.

உடைந்த திரள்மேகங்கள் விரைந்து நகரும் இரவு, காலச்சுருக்கப் படத்துக்கென்றே அமைந்தது. பத்து நொடிக்கு ஒரு படம் வீதம் ஐம்பது நிமிடம் எடுத்தால் 300 படங்கள் கிடைக்கும். நொடிக்கு 25 சட்டகம் என்ற கணக்கில் அது 12 நொடிக் காணொளியாகும். விண்மீன்கள் நகரும் தடம் கோடுகளாகத் தெரியும் சுவடுப் படத்துக்கு இத்தகைய இரவு உதவாது. ஸ்டார்ஸ்டாக்ஸ் போன்ற மென்பொருள்கள் ஒவ்வொரு புள்ளியிலும் மிகப் பிரகாசமான மதிப்பையே எடுத்துக்கொள்வதால், நகர ஒளி வாங்கிய மேகங்கள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து வானமே வெள்ளைச் சேறாகிவிடும்.

தொலைதூர இடிமேகம் தனியே சொல்லத் தக்கது. 15 கி.மீ. உயரத்துக்கு எழுந்த இடிமேகம் 100 கி.மீ. அப்பாலிருந்து பார்க்கும்போதும் அடிவானத்துக்கு மேல் சுமார் எட்டு பாகை உயரம் வரை தெரியும். தலைக்கு மேல் விண்மீன்கள் தெளிவாக இருக்க, கடலின் மேல் மேகம் உள்ளிருந்து மின்னி மின்னி ஒளிரும் அந்தக் காட்சியை எஃப்/2.8, ஐஎஸ்ஓ 1600, பத்து நொடி என்ற விண்மீன் அளவிலேயே எடுத்துவிடலாம். மின்னல் நெருங்கினால் ஐஎஸ்ஓவை 200க்கும் அபர்ச்சரை எஃப்/8க்கும் மாற்றுவதைப் பற்றி நூல்கள் பேசுகின்றன. நான் சொல்வது, அப்போது படம் எடுக்காமல் உள்ளே போய்விடுங்கள் என்பதே. மின்னலுக்கும் இடியோசைக்கும் இடையே 30 நொடிக்குக் குறைவாக இருந்தால் மின்னல் பத்து கிலோமீட்டருக்குள் விழுகிறது என்று பொருள். மொட்டை மாடி, கடற்கரை, ஏரிக்கரை, தனி மரத்தடி எல்லாமே அப்போது ஆபத்தான இடங்கள். கட்டடத்துக்குள்ளோ கூரை மூடிய காருக்குள்ளோ சென்று, கடைசி இடியோசை கேட்டு அரை மணி நேரம் ஆன பிறகே வெளியே வர வேண்டும். முக்காலி நனையட்டும், அதை எடுப்பதற்காக ஓட வேண்டாம்.

மழைக்காலம் மட்டுமே தரும் இன்னொரு பொருள் தேங்கிய நீர். ஐப்பசி, கார்த்திகையில் நிரம்பிய கண்மாய்களிலும் சம்பா நடவுக்கு நீர் கட்டிய வயல்களிலும், மழை ஓய்ந்து காற்று அடங்கிய நேரத்தில் சிரியஸ், வியாழன் போன்ற பிரகாசமான ஒளிகள் தெளிவாகப் பிரதிபலிக்கும். கேமராவை நீர்மட்டத்துக்கு முடிந்தவரை அருகே தாழ்த்தினால் பிரதிபலிப்பு வலுக்கும்.

ஈரம்

இந்தப் பருவத்தில் படங்களைக் கெடுப்பதில் மேகத்துக்கு நிகரானது லென்ஸில் படியும் ஈரம். குளிர்பதன அறையிலோ காரிலோ 22 பாகையில் குளிர்ந்திருந்த லென்ஸை, பனிநிலை (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 24 பாகையாக உள்ள வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்தால் அது அந்தக் கணமே வெண்மையாகப் பூத்துவிடும். துடைத்தாலும் மறுபடி பூக்கும். கேமராவை இறுக மூடிய நெகிழிப் பைக்குள் வைத்தே வெளியே எடுத்துவந்து, அரை மணி நேரம் கழித்துப் பையைத் திறப்பதே சரி; வண்டியில் போகிறவர்கள் கடைசி அரை மணி நேரம் குளிர்பதனத்தை நிறுத்திவிடலாம். அதன் பிறகும் வானை நோக்கி நிற்கும் கண்ணாடி தன் வெப்பத்தை இழந்து சுற்றுக்காற்றைவிடக் குளிர்வதால் மெல்ல ஈரம் படியும். பவர் பேங்கில் இயங்கும் சூடேற்றும் பட்டையை லென்ஸின் முன்விளிம்பில் சுற்றிக் குறைந்த நிலையில் வைத்தால் இது நிகழாது. லென்ஸின் முன் மாட்டும் ஹூட் எனும் குழலும் ஓரளவு உதவும்.

திடீர்த் தூறலுக்கு, குளிக்கும்போது தலையில் மாட்டும் நெகிழித் தொப்பி போதும். கேமராவின் மேல் ஒரு நொடியில் மாட்டிவிடலாம். கரிசல் மண்ணில் முக்காலியின் கால்கள் மெல்ல இறங்கிப் படத்தை அசைக்கும் என்பதால் ஒவ்வொரு காலின் கீழும் ஒரு கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து வைப்பது நல்லது. வயல் வரப்பில் முழங்கால் வரையிலான ரப்பர் காலணியும் டார்ச்சும் இல்லாமல் நடக்கக் கூடாது. மழையில் வளைகள் நிரம்பிப் பாம்புகள் மேட்டுக்கு வரும் காலம் அது. படம் எடுக்கும் இடத்தில் சிவப்பு விளக்கைப் பயன்படுத்தினால் கண்ணின் இருட்டுப் பழக்கமும் கெடாது, ஈசலும் அவ்வளவாகச் சூழாது. பாசி பிடித்த மாடித் தளத்தை முந்தின பகலிலேயே தேய்த்துக் கழுவிவைப்பதும் இந்தப் பட்டியலில் சேர வேண்டியதே.

கைப்பேசி மட்டுமே உள்ளவர்கள் இந்தப் பருவத்தைத் தவறவிட வேண்டியதில்லை. சில கைப்பேசிகளில் நான்கு நிமிடம் வரை நீளும் தானியங்கி விண்வெளி முறை உண்டு. நகரும் மேகம் அதில் கோடுகோடாகப் படிந்துவிடும். அதற்குப் பதிலாக அளவுகளை நாமே அமைக்கும் ப்ரோ முறையில் ஐஎஸ்ஓ 1600, பத்து நொடி, ஃபோகஸ் முடிவிலி, மூன்று நொடித் தாமதம் என்று அமைத்து, கைப்பேசியைச் செங்கல்லில் சாய்த்து வைத்தாவது பல படங்கள் எடுத்து, பிறகு கணினியில் அடுக்கலாம்.

அடுக்கும்போது மேகம் கடந்த படங்களைக் கண்ணால் பார்த்தே நீக்க வேண்டும்; மற்றப் படங்களோடு பொருந்தாத புள்ளிகளை ஒதுக்கும் சிக்மா விலக்கல் போன்ற முறைகள் விமானக் கோடுகளையும் செயற்கைக்கோள் தடங்களையும் நன்றாக நீக்கினாலும், பாதிப் படங்களில் இருக்கும் மேகத்தை அவற்றால் நீக்க முடியாது. மேகத்தை அழித்துவிட்டு வேறொரு நாளில் எடுத்த வானத்தை ஒட்டிவைக்கும் வசதி இன்று ஒரு பொத்தானில் வந்துவிட்டது. அதில் எனக்கு உடன்பாடில்லை. நவம்பர் வானத்தில் மேகம் உண்டு. படத்திலும் அது இருக்கட்டும்.

வீடு திரும்பியதும் கேமராவை நேராகப் பைக்குள் வைத்து மூடிவிடக் கூடாது. கடற்கரைக்குப் போய்வந்திருந்தால் முதலில் சற்றே ஈரமான துணியால் உப்பைத் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் ஒற்றி, மின்விசிறியின் கீழ் இரண்டு மணி நேரம் வைக்க வேண்டும். காற்றின் ஈரப்பதம் நாள்கணக்கில் 70 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும் மாதங்களில் லென்ஸுக்குள் பூஞ்சை படர்வது எளிது. ஒருமுறை கண்ணாடியின் பூச்சை அரித்துவிட்டால் சுத்தம் செய்தாலும் தடம் போகாது. காற்றுப் புகாத சமையலறை டப்பா ஒன்று, அதனுள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல், முந்நூறு, நானூறு ரூபாயில் கிடைக்கும் சிறிய ஈரப்பதமானி ஆகியவை போதும். முள் 40க்கும் 50க்கும் இடையே நிற்குமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். அரிசிக்குள் புதைத்து வைப்பவர்கள் அதன் மாவுத்தூளை லென்ஸின் வளையங்களுக்குள் தாங்களே ஏற்றிவிடுகிறார்கள். நிறம் மாறிய சிலிக்கா ஜெல்லை ஓவன் அடுப்பில் 110 பாகை அளவில் ஓரிரு மணி நேரம் வாட்டினால் பழைய நிறம் திரும்பும். ஆறிய பின்னர் அதையே மீண்டும் டப்பாவில் போடலாம்.